வாசற்படியில் ஒரு லூடோ

மே மாத மத்தியானம். குழித்துறையில் அபினாவின் வீட்டில் ஒரே கூச்சல்.

பெரியப்பா மகன் ரிஜோ குவைத்திலிருந்தும், மாமா மகள் ரெனிஷா கோத்தகிரியிலிருந்தும் லீவுக்கு வந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் பத்து வயது. லூடோ அட்டையை எங்கே விரிப்பது என்பதுதான் சண்டை.

"வெளியே மாமரத்தடிக்குப் போகலாம். என்ன சுகமான காத்து!" என்றான் ரிஜோ.

"சுகமா? எனக்கு உடம்பெல்லாம் எரியுது. ஃபேனை விட்டு நகர மாட்டேன்," என்றாள் ரெனிஷா. அவள் கால்கள் இரண்டும் ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தன.

ரிஜோ குதித்தான். "ஐயோ, அது நான் குளிக்க நேத்தே பிடிச்சு வச்ச தண்ணி!"

சமையலறையிலிருந்து அபினாவின் அம்மா எட்டிப் பார்த்தார். "சண்டை தீரல்லேன்னா நாளைக்கு திற்பரப்புக்குப் போகண்டாம், கேட்டியளா!"

பள்ளிக்கு லீவு விட்டதிலிருந்து அந்த அருவிக்காகத்தான் அபினா காத்திருந்தாள்.

"மக்கா, குழாயில எப்பவும் தண்ணி வருதுல்லா? நேத்தே எதுக்குப் பிடிச்சு வச்ச?" என்று ரிஜோவிடம் கேட்டாள்.

"குவைத்தில இப்போ குழாயைத் திறந்தா சுடுதண்ணிதான் கொட்டும். முதல் நாளே பிடிச்சு ஆற வைக்கணும். வெளியே விளையாடவும் முடியாது. பார்க்கில சறுக்குமரம் தோசைக்கல்லாட்டம் சுடும்."

ரெனிஷா வாயைப் பிளந்தாள். "எங்க வீட்டுல ஃபேனே கிடையாது. மே மாசமும் கம்பளிதான்!"

"ஃபேன் இல்லாத வீடா!" ரிஜோ சிரித்துவிட்டான்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லையே! அபினா யோசித்தாள். லூடோ அட்டையை எடுத்து வாசற்படி மேல் விரித்தாள்.

"ரிஜோ, நீ வெளியே இரி. ரெனிஷா, நீ உள்ளே இரி." டேபிள் ஃபேனை ரெனிஷா பக்கம் திருப்பினாள்.

ரிஜோ வாளியையும் ரெனிஷாவிடம் நகர்த்தினான். "நீயே வச்சுக்கோ. இங்கே குழாய்லதான் குளுந்த தண்ணி வருதே!"

"ஏட்டி, வாசப்படியில இரிக்கப்பிடாதுன்னு சொன்னேன்லா?" என்றார் அம்மா.

"நாங்க இரிக்கல்லம்மா. லூடோதான் இரிக்கு!"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை, திற்பரப்பு அருவிக்குக் கீழே மூன்று பேரும் கைகோத்து நின்றார்கள்.

"அம்மாடி, ஐஸ்!" என்று ரிஜோ அலறினான்.

"இதுவா ஐஸ்? வெதுவெதுன்னு இருக்கு!" என்றாள் ரெனிஷா.

இருவரும் அபினாவைப் பார்த்தார்கள். "நீ சொல்லு!"

"எனக்கும் குளிருது. ஆனா வெளியே வரமாட்டேன்!"

மூன்று பேரையும் கரையேற்ற அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது.