உதடு முந்தி, குரல் பிந்தி

"ஹலோ... எவ்வளவு நேரமா கூப்பிடறேன், கொஞ்சம் திரும்பக் கூடாதா?"

முதுகைக் காட்டி நின்றவன் திரும்பினான். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்.

"நான் கடை ஆள் இல்லைங்க. மழைக்கு ஒதுங்கினேன்."

ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிற பல் டாக்டர், தன் நாக்கையே கடித்துக்கொண்டாள்.

"சாரி... டி.வி. சத்தத்துக்கு மாட்டற இந்த ரெண்டு ரிசீவர்ல எது நல்லதுன்னு கேட்கலாம்னு..."

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே கறுப்பு, ஒரே உயரம், நடுவில் ஒரே உருண்டைத் திருகு. விலையில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. காது மந்தம். படத்துல பாதியைக் கேட்டு, நடிக்கிறவங்க உதட்டைப் பார்த்து மீதியைப் புரிஞ்சுக்குவார். டி.வி. சத்தத்தை ஏத்தினா அம்மாவுக்குத் தலைவலி. அவர் ஹால்ல, அவங்க சமையலறையில... இதுல பேச்சை மட்டும் தெளிவா ஏத்திக்கலாமாமே. ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்து உட்காரணும்."

அவன் குரல் இறங்கியது. "அப்போ விலை குறைஞ்சதே போதும். பேச்சு ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் வரும்."

"என்னால வாங்க முடியாதுன்னு நினைச்சீங்களா?"

"ஐயோ... அப்படிச் சொல்லலையே!"

சொல்லவில்லைதான். வீம்பு கேட்குமா? விலை கூடியதற்கே பில் போடச் சொன்னாள்.

வீட்டில் போட்டுப் பார்த்த முதல் படத்திலேயே வினை. உதடு முந்தியது, குரல் பிந்தியது. அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"பாப்பா, இவன் பேசி முடிச்சப்புறம் வேற யாரோ பேசறாங்களே..."

அம்மா எழுந்து சமையலறைக்கே போய்விட்டாள். அதைப் பார்த்த மகளுக்கு அழுகை முட்டியது.

கம்பெனிக்குப் போன் செய்தாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." மறுபடி செய்தாள். அதே மந்திரம், வேறு குரல்.

"உங்களுக்கு மேல இருக்கிறவரைப் பேசச் சொல்லுங்க!"

கொஞ்ச நேரம் வெறும் இசை... பிறகு ஒரு குரல்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

அன்று கடையில் கேட்ட அதே குரல்.

"நீங்க... மழைக்கு ஒதுங்கினவர்தானே?"

"அப்பாவுக்காக வாங்கினவங்களா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"இந்தக் கம்பெனி ஆளா? அன்னைக்கு ஏன் சொல்லலை? இப்ப எதுக்குச் சிரிக்கிறீங்க, 'சொன்னேன் கேட்டியா'ன்னா? சிரிக்க வேண்டாம். யாரையாவது அனுப்பிச் சரி பண்ணுங்க. போதும்!"

வைத்துவிட்டாள். வைத்த கையைப் பார்த்துத் தானே நொந்துகொண்டாள். 'பாவம்... அவர் அன்னைக்கும் நல்லதுதானே சொன்னார்?'

ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவனே நின்றிருந்தான்.

"வாங்க தம்பி," என்றார் அப்பா.

அவன் ரிமோட்டை எடுத்து, ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பைத் தேடினான். அது ஏற்கெனவே பூஜ்யத்தில் இருந்தது. படத்தை ஓடவிட்டான். உதடும் குரலும் கைகோத்துக்கொண்டு வந்தன.

"இது... சரியாத்தானே இருக்கு?"

"காலையிலயே பாப்பா நோண்டிச் சரி பண்ணிட்டாளே! நாங்க ரெண்டு பேரும் முழுப் படமும் பார்த்தாச்சு," என்றார் அப்பா. உள்ளிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது.

அவள் முகம் சிவந்து தரையைப் பார்த்தது. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குக் காதுதான் மந்தம் தம்பி... கண்ணு நல்லாவே தெரியுது," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

"சரியானப்புறமும்... புகாரை ரத்து பண்ணலையே நீங்க?" மெல்லக் கேட்டான்.

"யார் வருவாங்கன்னு தெரியாது. நீங்க வந்தா சாரி சொல்லணும்னு..." முடிக்க முடியவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள். "வீடு வீடா வர்றது உங்க வேலையா?"

"இல்லை. போன்ல பேசறதுதான் என் வேலை. இதைப் போன்லயே ஒரு நிமிஷத்துல சொல்லியிருக்கலாம். திரும்பக் கூப்பிடப் போனை எடுத்தேன்... வச்சுட்டேன்."

"ஏன்?"

அவன் கண்கள் இப்போது யோசிக்கவில்லை.

"குரல் மட்டும் போதலைங்க."

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. அவள் ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். விரல்கள் பட்டன... விலகவில்லை.

"எனக்கும்தான்," என்றாள்.