டப்பாவில் பத்து தோட்டா அதிகம்

'டப்' என்று கேட்க வேண்டிய சத்தம்... 'படார்' என்று கேட்டது!

சனிக்கிழமை காலை பத்து ஐந்து. ஹார்னெட் கிரீக் துப்பாக்கிக் கழகத்தின் மூன்றாவது சுடுமேடை. எதிரே வரிசையாக நின்ற இரும்புத் தட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

அசைந்தது லெஸ் கோவாச்தான்.

இரண்டடி பின்னால் போனார். கழுத்தைப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. மண்டியிட்டார், சாய்ந்தார், அவ்வளவுதான்.

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தார் மனிதர். கழுத்துக்கு மாட்ட எந்தக் கடையிலும் ஒன்றும் விற்பதில்லை.

பன்னிரண்டு மைல் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது லெஸ்ஸின் முகத்தின் மேல் யாரோ மேல்கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் ஏமஸ் ட்ரெக்ஸ்லர். வயது அறுபத்தொன்று. சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். லெஸ்ஸுக்கு முப்பது வருடச் சிநேகிதர். மார்ச் மாதக் குளிரில் வெறும் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சிநேகிதரின் கையில் செவ்வாய்க்கிழமை விலங்கு ஏறியது!

*

வழக்கு கவுண்டி துப்பறியும் அதிகாரி டீனா ஸ்மோல்கோவிடம் வந்திருந்தது. நாற்பது வயது. யாரையும் கத்தாமல் அழ வைக்கத் தெரிந்தவள்.

செத்தவரின் துப்பாக்கி ஒன்பது மில்லிமீட்டர் கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள். பெரிய ரைஃபிளைப் போல அதில் பூட்டு எதுவும் கிடையாது. தோட்டாவின் முதுகைத் தாங்குவது ஒரு கனத்த போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும்தான். வெடிமருந்து அளவோடு இருந்தால் குண்டு குழாயை விட்டுப் போன பிறகு போல்ட் பின்னால் நகரும். அளவு மிஞ்சினால் அவசரப்பட்டு நகரும். அப்போது பித்தளைக் கூட்டுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இருக்காது. கூடு கிழியும். கிழிந்த பித்தளை எங்கே போகும் என்பது அதன் இஷ்டம்.

லெஸ்ஸின் கழுத்துக்குப் போயிருந்தது.

லெஸ் தன் தோட்டாக்களைத் தானே அடைப்பவர்; சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைப்பவர். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் லெஸ்ஸைப் போல யாரும் இல்லை. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். பத்துக்கு ஒரு தடவை தராசில் நிறுப்பார். ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்ப்பார். அடைத்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பார். கூட்டின் அடியில் நீல மையில் ஒரு கோடு போடுவார். முப்பது வருடத்தில் அவர் தோட்டா ஒன்றுகூட மக்கர் செய்ததில்லை.

அப்படிப்பட்டவர் அடைத்த தோட்டாவா வெடித்தது?

டீனா நம்பவில்லை. லெஸ்ஸின் பழைய காபி டப்பாவில் மிச்சம் இருந்த தோட்டாக்களையும் துப்பாக்கிக்குள் இருந்தவற்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கி மருந்தை நிறுத்தார்கள். அறுபத்தொன்பது தோட்டா. அறுபத்தேழில் அளவான மருந்து.

இரண்டில் இரண்டு மடங்கு!

கை தவறி ஒன்றில் இரண்டு தடவை விழலாம். இங்கே வெடித்ததோடு சேர்த்து மூன்று. லெஸ் மாதிரி ஆளுக்கு மூன்று தடவை கை தவறாது. யாரோ கலந்திருக்கிறார்கள்.

யார்?

சுடுமேடை மேற்பார்வையாளர் டுவேன் பெசெக் பதில் வைத்திருந்தார். சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"ஒன்பதரை மணி இருக்கும் மேடம். லெஸ் பாத்ரூம் போயிருந்தான். ஏமஸ் அவனோட காபி டப்பாவுல கை விட்டதை நான் பார்த்தேன். என் வாயால இதைச் சொல்ல வேண்டியதாப் போச்சே."

டீனா ஏமஸிடம் கேட்டாள். டப்பாவைத் தொடவே இல்லை என்று ஏமஸ் சாதித்தார். டப்பாவின் மூடியில் அவர் கைரேகை அழகாக உட்கார்ந்திருந்தது.

காரணமும் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரே ஊட்டியது. ஏமஸ் மனைவியை இழந்தவர். வியாழக்கிழமை தோறும் லெஸ் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. லெஸ்ஸின் மனைவி பெர்னிஸ், முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டிய ஹலுஷ்கியைப் பாத்திரத்தோடு கொடுத்தனுப்புவாள். பாத்திரம் போவதையும் வருவதையும் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்கு எங்கள் ஊருக்கு வேறு என்ன இருக்கிறது? சுரங்கத்தையும் மூடியாகிவிட்டது.

பெர்னிஸ் அழுது களைத்திருந்தாள். கேட்டதற்கு ஒன்றுதான் சொன்னாள்.

"கிறிஸ்மஸ்ல இருந்தே இவரு ஏமஸ்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. எதுக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுவாரு. ஆனா போன வாரம் திடீர்னு பழையபடி சிரிச்சுப் பேசினாரு. சரியாப் போச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன்."

டீனாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. புருஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, சிநேகிதன் முந்திக்கொண்டான். ஏமஸின் வீட்டுக் கீழறையிலும் தோட்டா அடைக்கும் கருவி இருந்தது. போதாதா?

இந்த மாநிலத்தில் திட்டமிட்ட கொலைக்கு ஆயுள் தண்டனை என்றால் ஆயுள்தான். பெட்டியில்தான் வெளியே வர முடியும்.

*

புதன்கிழமை காலை. விசாரணை அறை.

ஏமஸ் ஆரஞ்சு உடுப்பில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவனை எடுக்கறாங்க. பெட்டி தூக்கற ஆறு பேர்ல என் பேரும் இருக்கு. விடுவீங்களா மேடம்?"

டீனாவின் மனதில் அன்று காலையிலிருந்து ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. காபி டப்பாவின் மூடியில் லெஸ் தன் கையால் எழுதி ஒட்டியிருந்த சீட்டுதான் அந்த முள். தேதி, மருந்தின் பெயர், அளவு, கடைசியில் 'நூறு தோட்டா.'

லெஸ் நூறு என்று எழுதினால் நூறுதான் இருக்கும்.

அன்றைய மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்திருந்தாள். லெஸ் சுட்டது நாற்பது. வெடித்தது நாற்பத்தொன்றாவது. மிச்சம் ஐம்பத்தொன்பது இருக்க வேண்டும்.

இருந்தது அறுபத்தொன்பது!

"டப்பாவுல பத்து தோட்டா அதிகமா இருக்கு ஏமஸ்," என்றாள் டீனா. "மூணுதான் கெட்டது. ஏழு நல்லது. கொல்லணும்னு நினைச்சவன் எதுக்கு ஏழு நல்ல தோட்டாவையும் சேர்த்துப் போடறான்? அதுவும் பத்துலயும் லெஸ்ஸோட நீலக் கோடு."

ஏமஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போட்டீங்க. ஆனா நீங்க அடைக்கல. சரியா?"

ஏமஸ் தன் கைவிலங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் லெஸ்ஸுடையதைப் போலவே புதிதாக ஒரு கார்பைன் வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை, மற்றவர்கள் வருமுன், லெஸ் அவர் தோளில் தட்டி, 'உன் புதுத் துப்பாக்கிக்கு என் சீர்' என்று ஒரு சின்னப் பையைக் கொடுத்தார். அதில் பத்து தோட்டா. ஏமஸ் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துச் சிநேகிதன் சிரித்திருக்கிறானே... முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"ஆனா அடுத்தவன் அடைச்ச தோட்டாவை நான் சுடமாட்டேன் மேடம். எங்கப்பா அடைச்சதைக்கூடச் சுட்டதில்ல. அது தோட்டா அடைக்கறவங்களோட முதல் பாடம். லெஸ்ஸும் அப்படித்தான், இன்னொருத்தன் தோட்டாவை விரலாலகூடத் தொடமாட்டான். அதான் அவன் அந்தப் பக்கம் போனதும், அவன் மனசு நோகாம... அவன் டப்பாவுலயே திருப்பிப் போட்டுட்டேன். எல்லாத்துலயும் ஒரே நீலக் கோடு. அவனுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா என்ன அர்த்தம்? அந்தத் தோட்டா எனக்குன்னு அடைச்சதுன்னு அர்த்தம். தான் சீரா கொடுத்தா மட்டும் நான் சுடுவேன்னு நம்பியிருக்கான். சத்தம் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. முப்பது வருஷம் மேடம். வாயால சொல்லிட்டா நிஜமாயிடுமேன்னு பயந்தேன்."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளத் தூக்கிய கையோடு விலங்கும் எழுந்து வந்தது.

*

நல்ல கதைதான். ஆனால் கதையை வைத்துக்கொண்டு எந்த அரசு வக்கீலும் ஆளை விடமாட்டார்.

டீனா காரை லெஸ் வீட்டுக்கு விரட்டினாள். கறுப்பு உடையில் இருந்த பெர்னிஸ் ஒன்றும் கேட்காமல் கீழறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

மேஜை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நோட்டு அதே இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே இதைப் புரட்டியிருந்தாள் டீனா. டப்பாச் சீட்டில் இருந்த தேதியின் பக்கத்தை மட்டும் பார்த்தாள், நூறு தோட்டாவும் ஒழுங்கு என்று மூடி வைத்துவிட்டாள். கடைசிப் பக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கொலை செய்யப் போகிறவன் அதை நோட்டில் எழுதி வைப்பான் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இப்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

தேதி, வெள்ளிக்கிழமை. நீல மை. கோணாத கையெழுத்து.

'ஏமஸுக்கு. பத்து. ஏழு வழக்கம்போல். மூன்று, இரட்டை மருந்து.'

பக்கத்தில் குறிப்புக் கட்டம். அதில் சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு:

'என் கார்பைனில் சுடக் கூடாது.'

டீனா அதை இரண்டு தடவை படித்தாள். முப்பது வருடமாக அடைத்ததை எழுதாமல் அந்தக் கை மேஜையை விட்டு எழுந்ததில்லை. கொலைக்கு அடைத்த அன்றும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. பாதுகாப்புக் குறிப்பு உட்பட!

*

பகல் ஒன்றேகால் மணிக்கு அரசு வக்கீல் கையெழுத்துப் போட்டார். விலங்கு கழன்றது. ஏமஸுக்கு அவருடைய சட்டையும் பூட்ஸும் திரும்பக் கிடைத்தன. மேல்கோட்டு மட்டும் சாட்சிப் பொருளாக உள்ளேயே தங்கிவிட்டது.

"பெர்னிஸுக்குத் தெரியணுமா?" என்று கேட்டார்.

தெரியத்தான் வேண்டும், ஆனால் அடக்கம் முடியட்டும் என்றாள் டீனா. பிறகு கேட்டாள்.

"உங்களைக் கொல்லப் பார்த்தவனோட பெட்டியை இன்னமும் தூக்கப் போறீங்களா?"

"தூக்கித்தான் ஆகணும். அஞ்சு பேர் தூக்கினா கோணிக்கும்."

டீனா வண்டிச் சாவியை எடுத்தாள். கோட்டில்லாத மனிதரைத் தேவாலயத்தில் இறக்கிவிடலாம் என்று எண்ணினாள். வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தொழில் புத்தி போகுமா?

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஏமஸ். வழக்குக்கு இல்ல, எனக்காக. லெஸ் சந்தேகப்பட்டானே... உங்களுக்கும் பெர்னிஸுக்கும் நடுவுல நிஜமாவே ஏதாவது இருந்துச்சா?"

ஏமஸ் படியில் நின்றார். கையில் விலங்கு போட்டிருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் உதடு லேசாகக் கோணியது.

"அடுத்தவன் அடைச்ச தோட்டாவையே தொடாதவன் நான்... அடுத்தவன் பொண்டாட்டியையா மேடம் தொடப் போறேன்?"