பொய்ச்சினை

உப்பு ஜாடி மறுபடியும் காலியாக இருந்தது. திங்கட்கிழமைதான் நிரப்பினாள், இன்றைக்கு வியாழன். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் மூன்று நாளில் ஒரு கிலோ உப்பு எங்கே போகும்? ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷன் திருட்டுத்தனமாக அள்ளித் தின்கிறானா என்று அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் குளியலறை வாளியின் அடியில் கரையாமல் கிடந்த கல்லுப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, உப்புத் தண்ணியிலயா குளிக்கிறீங்க?"

"உடம்பெல்லாம் எரியுதும்மா. உப்புப் போட்டா இதமா இருக்கு," என்றான் கணவன்.

அந்த 'அம்மா'தான் அவளை உறுத்தியது. பன்னிரண்டு வருஷமாக 'ஏய்', 'இந்தா' என்று வள்ளென்று விழுந்தே பேசிப் பழகிய வாய் அது. இப்போது தேன் தடவிய மாதிரி குழைந்தது. சண்டை போடக்கூட ஆளில்லாமல் போயிற்றே என்று அவள் தனக்குள் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

இருவருக்கும் நண்டு கம்பெனியில் வேலை. வேகவைத்த நண்டிலிருந்து சதை பிரிக்கிற மேசை அவளுடையது. அவன் உயிர்நண்டைத் தரம் பிரிக்கிறவன். கையில் எடுத்ததும் கிராம் கணக்கில் எடை சொல்லிவிடுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'தராசு'. நண்டை மல்லாத்தி வயிற்று மடலைப் பார்ப்பான். குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். எப்போதாவது ஓர் ஆண் நண்டு, பெட்டை சினை சுமக்கிற அதே இடத்தில் மஞ்சளாக ஒரு பையைச் சுமந்துகொண்டு வரும். கம்பெனியில் அதற்குப் பொய்ச்சினை என்று பெயர். அதை இடுக்கியால் எடுத்துத் தனியே போட வேண்டும் என்பது விதி. ஆனால் கையுறை போட்டால் பதம் தெரியாது என்று தராசு வெறும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். முள் குத்தினால் விரலைச் சப்பிவிட்டு அடுத்த நண்டை எடுப்பான். அங்கே எல்லோரும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பை அவன் விரலடியில் உடைந்தது. அதே நேரம் முள்ளும் குத்தியது. விரலை வாயில் வைத்து, "த்தூ, கசக்குது," என்று முகத்தைக் கோணினான். பக்கத்தில் நின்று சிரித்தவள் அவள்தான்.

அதற்கப்புறம் அவன் தாடி வளர்வது நின்றது. சவரக் கத்தி துருப்பிடித்தது. இடுப்பு அகன்று, பழைய கால்சட்டைகள் ஏறவில்லை. சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றை வட்டவட்டமாகத் தடவிக்கொண்டே இருந்தான். முதலில் அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வயிற்றில் ஐந்து மாதக் கரு கலைந்தபோது, அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாவி மனுஷனுக்கு இப்போதுதான் துக்கம் வந்திருக்கிறது என்று நினைத்து, அவன் தலையைக் கோதிவிட்டாள். தலைமுடியில் சேற்று வாடை அடித்தது.

வெள்ளிக்கிழமை, கம்பெனிக்குச் சோதனைக்கு வந்த மீன்வளத்துறை மேடத்திடம் ஒரு பொய்ச்சினை நண்டைக் காட்டிக் கேட்டாள்.

"ஆண் நண்டுதான். ஆனா அதுக்கே அது மறந்துபோச்சு," என்றார் மேடம். "இந்தப் பை ஒரு ஒட்டுண்ணி. பைதான் வெளியில தெரியும், உடம்பு பூரா உள்ள வேர் விட்டிருக்கும். ஆணையே பெண் மாதிரி ஆக்கிடும். நண்டு இதைத் தன் முட்டைன்னு நெனச்சுத் தடவித் தடவிக் காப்பாத்தும்."

"அப்புறம் மேடம்?"

"நாள் வந்ததும் மேடான இடமாப் பார்த்து ஏறும். எழும்பி எழும்பி உட்காரும். தண்ணியில கூட்டம் கூட்டமா ஒட்டுண்ணிக் குஞ்சு போகும். அதுங்க வேற நண்டைத் தேடிக்கும்."

"மனுஷங்களுக்கு வருமா?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "நண்டுக்கு மட்டும்தாம்மா. போய் வேலையைப் பாரு."

அவளும் சிரித்தாள். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டாள். போகலாம் என்று சொன்னதும் அவன் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினான். எப்படியாவது ஆளைப் பழையபடி வள்ளென்று விழ வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சனிக்கிழமை விடிந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. படுக்கை ஈரமாக இருந்தது. தலையணையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எழுந்து போய், குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து மடக்கென்று குடித்தாள்.

கரித்தது.

டம்ளரைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் பதினாறு வீட்டுக்கும் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்துதான் வருகிறது.

மேடான இடம்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. படிக்கட்டில் ஈரக் கால்தடங்கள். எல்லாம் மேலே போனவை. ஓடினாள். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. காலியான உப்புப் பைகள். ஐந்து. ஆறு. பைகளை எண்ணுவதை விட்டாள். தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி கையில் சில்லிட்டது. மேலே சத்தம் கேட்டது. சளப். சளப்.

தொட்டியின் மூடி விலகியிருந்தது.

மார்பளவு தண்ணீரில் அவன் நின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான். எழுந்த ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குக் கீழே இருந்து மஞ்சளாக ஒரு புகை பரவியது. இரண்டு கையாலும் அதைப் பூப்போல விசிறிவிட்டான். அந்தப் புகை தானாகத் துடித்தது.

"ஏங்க..."

நிமிர்ந்து பார்த்தான். கரு கலைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் பார்க்க ஏங்கினாளே, அந்தக் கனிவு.

"சத்தம் போடாதம்மா. இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

கீழே மாடிப்படியில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது: "தண்ணி வருது, எல்லாரும் பிடிச்சுக்கோங்க!"

குழாய்கள் திறக்கிற சத்தம். ஒன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் எல்லாம்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். நாக்கெல்லாம் உப்பு. அவன் இன்னும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் கத்தவில்லை.

தொட்டியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை இறங்கியது.