தண்ணீர் இறங்க இறங்க

செத்து மிதந்த நாயைத் தூக்கி வெளியே போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

மோட்டார் ஓடவில்லை. காற்று என்று சொல்ல ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில், எட்டடி என்று எழுதியிருந்த இடத்துக்கு நேர் கீழே, சின்னச் சின்ன அலைகள் புறப்பட்டுச் சுவரோரமாகவே நகர்ந்து, மூலையில் திரும்பி, அடுத்த சுவரோரமாகப் போயின. ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி வந்தன. குளோரின், நீண்ட கம்பு வலையைக் கையில் பிடித்தபடி, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குளோரின் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் குழந்தைகள் வைத்தது. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவன் மேல் குளத்து மருந்தின் வாடை போகாது. அவன் ஏறி இறங்கினால் அரை மணி நேரத்துக்கு லிஃப்டே குளித்துவிட்டு வந்த மாதிரி மணக்கும். குழந்தைகள் 'குளோரின் மாமா' என்றார்கள். பெரியவர்கள் மாமாவை மட்டும் வெட்டிவிட்டுக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷமாகக் குளத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். குளத்துக்குப் பின்னால் மோட்டார் அறை, அதை ஒட்டி ஓர் ஒற்றை அறை. அதில்தான் அவனும் மனைவியும் ஆறு வயது மகளும் குடியிருந்தார்கள்.

மனைவிக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை. காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். "குழந்தைய விட்டுட்டு எங்கயும் போயிடாத" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மனைவி இன்று கிளம்பினாள். எங்கே போகப் போகிறான்? வேலையே வாசலில்தான் இருக்கிறது.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நாய் அங்கே இல்லவே இல்லை. காவலாளியும் அவனுமாகப் பின்மதிலோரம் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. ஆனாலும் கைக்குட்டை இறங்கவில்லை.

"மொத்தத் தண்ணியையும் வெளிய விட்டுடுங்க."

"வேண்டாம் சார். செத்ததை எடுத்தாச்சு. மருந்தைக் கூடுதலாப் போட்டு ஒரு நாள் முழுக்க ஃபில்டர ஓட்டினாப் போதும். எங்கயும் அப்படித்தான் செய்வாங்க."

"எங்கயும் என் பேத்தியா நீந்துறா? நாய் மிதந்த தண்ணின்னு தெரிஞ்சா ஒருத்தராவது கால் வைப்பாங்களா? காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவுங்க. நாளைக்குப் புதுத் தண்ணி." போகத் திரும்பியவர் நின்றார். "ஆமா, பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? ஒரு சத்தமும் கேக்கலையா?"

"இல்ல சார். அசந்து தூங்கிட்டேன்."

பொய். விடியற்காலை நாலு மணி சுமாருக்கு அவன் நன்றாகவே கேட்டான். யாரோ நீந்தும் சத்தம். சளப் சளப்பென்று, சுற்றிச் சுற்றி, விடாமல். மகள்கூட விழித்து அவன் தோளை உலுக்கினாள். "அப்பா, தண்ணில யாரோ இருக்காங்கப்பா" என்றாள். "பேசாம தூங்கு" என்றான் அவன். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே போல வேளை கெட்ட வேளையில் சத்தம் கேட்டு, டார்ச்சும் கையுமாக ஓடிப் போய்க் கத்தியதில், உள்ளே இருந்தது ஐந்தாம் மாடி வீட்டுக்காரரும் அவருடைய விருந்தாளிகளும் என்று தெரிந்து, மறுநாள் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பட்டது போதும் என்று இந்த முறை புரண்டு படுத்தான். சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது. அப்பாடா, போய்த் தொலைந்தார்கள் என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். அந்த நினைப்பு காலையிலிருந்து அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

செத்தது யார் வீட்டு நாயும் இல்லை. மகள் பள்ளிக்குப் போகும்போது தன் பிஸ்கட்டில் ஒன்றை அதற்குப் போடுவாள், பிஸ்கட் என்றே கூப்பிடுவாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்கு வால்வைத் திருப்பி மோட்டாரைப் போட்டான். மதிலுக்கு வெளியே உள்ள வடிகாலில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மட்டம் ஒரு சாண் இறங்கியதும் நீண்ட கம்பில் பொருத்திய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்தான். நீல ஓடுகளில் தண்ணீர் நிற்கும் கோட்டில் எப்போதும் ஒரு பிசுக்குப் படிந்திருக்கும், குளிப்பவர்களின் எண்ணெயும் களிம்பும் சேர்ந்தது. அந்தப் பிசுக்கில் கீறல்கள் இருந்தன. நாலு நாலாக, மேலிருந்து கீழாக. ஆழமான பக்கத்தில் தொடங்கி, நீளச் சுவர் முழுக்க, மூலைக்கு மூலை, குளத்தையே ஒரு வளையம் சுற்றி வந்திருந்தன.

ஆழம் குறைந்த பக்கத்தில் மூன்று படிகள் உண்டு. சுவருக்குள் வாங்கிக் கட்டியவை. நேரே போய் நின்றால்தான் கண்ணில் படும். படிக்கு இந்தப் பக்கம் கீறல் இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. நடுவில் இல்லை. பயத்தில் வழியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது, பாவம். பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தான். கீறல்கள் போயின.

பதினோரு மணிக்குத் தண்ணீர் இரண்டடி இறங்கியிருந்தது. புதிதாக வெளியே வந்த ஓடுகளில், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சிமெண்டுக் கோட்டில், மறுபடி கீறல்கள். பின்னங்கால் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாய் நிமிர்ந்து சுவரைப் பற்றும்போது பின்னங்கால் கீழேதானே உதைக்கும்? நியாயமான பதில்தான். அதையும் தேய்த்தான். உள்ளே போய் மகளுக்குக் கஞ்சி கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பளிச்சென்று தேய்த்துவிட்டுப் போன வரிசைக்கு ஒரு சாண் கீழே, தண்ணீர் இப்போது தொட்டுக்கொண்டிருந்த கோட்டிலேயே, ஈரம் காயாத கீறல்கள். சிமெண்டுத் துகள் தண்ணீரில் மிதந்தது.

அப்போதுதான் மோட்டார் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது அவன் காதில் விழுந்தது. மூச்சு. மூக்கில் ஏறும் தண்ணீரைச் சீறிச் சீறித் தள்ளும் மூச்சு. அது ஆழமான பக்கத்திலிருந்து நகர்ந்து அவனை நோக்கி வந்தது, அவன் காலடியில் ஒரு கணம் தயங்கியது, பிறகு தாண்டிப் போயிற்று. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. குளத்தில் ஒன்றும் இல்லை. அலை மட்டும் இருந்தது.

காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாசல் வரை போனான். என்னவென்று சொல்வது? நாயைக் குழியில் போட்டு மண்ணை மிதித்தவரே அவர்தான். வெயிலில் மண்டை குழம்பிவிட்டது என்று குடியிருப்பு முழுக்கப் பரப்புவார். அவருக்குப் பொழுது போக வேண்டாமா? திரும்பி வந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

மூன்று மணிக்கு மகளின் குரல் கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்கள் காய்ச்சலில் பளபளத்தன.

"ஏம்மா எழுந்த? போய்ப் படு."

"பிஸ்கட் பாவம்ப்பா. எவ்ளோ நேரமா சுத்துது. படி அந்தப் பக்கம் இருக்குன்னு நீ சொல்லேன்."

அவன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஜன்னலருகே வந்தான். "தண்ணில யாரும் இல்லடா கண்ணு. காய்ச்சல்ல அப்படித் தோணுது."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குது," என்றாள். "அது உன்னையேதான் பாக்குது."

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தி, மருந்து ஊற்றி, போர்த்திவிட்டான். அவசரத்தில் பாதி மருந்து தலையணையில் சிந்தியது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு அவனைப் போட்டு ஆட்டியது. மோட்டாரை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் தண்ணீர் அப்படியே நிற்கும், அதில் அதுவும் நிற்கும், இன்று இரவு பத்தடி தள்ளி இவளைப் படுக்க வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். முடியாது. எப்படியாவது காலி செய்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாத குளத்தில் எது நீந்தும்? அடித்தள வடிகாலையும் திறந்துவிட்டு, கூடுதல் மோட்டார் ஒன்றையும் இறக்கினான். இதைவிட நல்ல யோசனை அவனுக்கு அன்று தோன்றவில்லை.

தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஆழம் குறைந்த பக்கத்தின் தரை வெளியே வந்து காயத் தொடங்கியது. அங்கிருந்து தரை சரிந்துகொண்டே போய் ஆழமான பக்கத்தில் முடியும். மிச்சத் தண்ணீர் அங்கே ஒதுங்கியது. சுற்று சிறியதாகிக்கொண்டே வந்தது. கீறல்கள் நெருங்கின. மூச்சு வேகமானது. மருந்து வாடையை மீறி நனைந்த ரோமத்தின் வாடை எழுந்தது.

ஆறரை மணி. வெளிச்சம் மங்கியது. தண்ணீர் முழங்கால் அளவு.

சத்தம் நின்றது.

நீந்துவதும் இல்லை, சீறுவதும் இல்லை. மோட்டார்கள் மட்டும் காற்றை இழுத்துக் கரகரத்தன. இரண்டையும் அணைத்தான். தண்ணீர் முதல்முறையாகக் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. முடிந்தது. பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஏணி வழியாக ஆழமான பக்கத்தில் இறங்கினான். கடைசியாக இந்தத் தரையைத் தேய்த்துவிட்டால் போய் மகள் பக்கத்தில் உட்காரலாம்.

நிமிர்ந்து பார்த்தான்.

காய்ந்த சரிவில் ஈரத் தடங்கள். நாலு விரல், ஓர் உள்ளங்கால். தண்ணீரின் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறியிருந்தன. முதல் சில தடங்கள் தள்ளாடின. பிறகு நேரானவை. பிறகு இடைவெளி அகலமாக. ஓடியிருக்கிறது.

அவனுக்குப் புரிந்தது. கால் எட்டாத வரைதான் அது நீந்தியது. தண்ணீர்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. காலையிலிருந்து அங்குலம் அங்குலமாக அதற்குத் தரையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தவன் அவன்தான்.

சரிவில் ஓடினான். வழுக்கியது. விழுந்தான். முழங்கால் கிழிந்தது. எழுந்தான். தடங்கள் படியைக் கண்டுபிடித்திருந்தன. முதல் படி. இரண்டாவது. மூன்றாவது. குளத்தோரக் கல்தரை. மோட்டார் அறை. அதைத் தாண்டி.

அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஈரம் வாசற்படியோடு நின்றிருந்தது.

கட்டிலில் மகள் இல்லை.

அவள் அறையின் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். நுனிக்காலில். தாடையைத் தூக்கி, உதடுகளை இறுக்கி, மூக்கால் சீறிச் சீறி மூச்சு விட்டபடி. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரண்டு கைகளும் கழுத்து உயரத்தில் சுவரைப் பிறாண்டின. சுண்ணாம்பு உதிர்ந்தது. நகக்கண்ணில் ரத்தம். மூலையில் திரும்பினாள். அடுத்த சுவர். மறுபடி மூலை. கதவை நோக்கி வந்தாள்.

"கண்ணு! இங்க பாரு! இதோ கதவு, இதோ அப்பா!"

திறந்த கதவைத் தாண்டிப் போனாள்.

பாய்ந்து அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். அவள் வந்து மோதினாள். கண்கள் அவனைத் தாண்டி எங்கேயோ தேடின. நகங்கள் அவன் முகத்தை, கழுத்தை, தோளைக் கிழித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தன. அவனும் அவளுக்கு ஒரு சுவர். இறுகக் கட்டிப்பிடித்தான். பெயரைச் சொல்லிக் கத்தினான். கைக்குள் இருந்த உடம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று.

மூலையில் திரும்பினாள். அடுத்த சுவர். மறுபடி மூலை.

இந்தச் சுற்றில் அவள் மெதுவாகத்தான் வந்தாள். தாடை கொஞ்சம் இறங்கியிருந்தது.