மூன்றாவது பாட்டு

"நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறதப் பாரு! உம் புருஷன் இசைத்தட்டுப் போட்டிருக்கான்டி… எழவு வீடா இது?"

சந்திரமதி பதில் சொன்னால் அழுதுவிடுவாள். கோப்பியை ஆற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். கணவனின் அக்கா பாக்கியலட்சுமிக்கு எதிரே வாய் திறக்காமல் இருப்பதில் அவளுக்கு ஏழு வருஷப் பழக்கம்.

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டு மாடியில் அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு உறவும் நட்பும் கூடி மருதப்பனின் இசைத்தட்டைக் கேட்கப் போகிறார்கள். நான்கு பாட்டு. ஒன்றுகூட சினிமா மெட்டு இல்லை, எல்லாம் சொந்தச் சரக்கு!

மருதப்பனுக்கு வீடுவீடாக மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம். முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. ஆனால் காதை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தெரியாதவன். காத்தோங் பங்களாவில் யாரோ வாசித்த பியானோ, கேலாங் கம்பத்துக் குடியிருப்பில் மலாய்க்காரர்கள் பாடிய குரோஞ்சோங், தைப்பூசத்தில் டாங்க் ரோட்டுக் கோயில் வரை கூடவே நடந்து கேட்ட காவடிப் பாட்டு… எல்லாவற்றையும் மீட்டர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டு வருவான். அந்த மயக்கத்தில் கணக்கைத் தப்பாக எழுதி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியதும் உண்டு.

மூன்றாவது பாட்டு மட்டும் அப்படி வந்ததில்லை. அது அவன் தன் வீட்டு அடுப்படியில் கேட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன் சந்திரமதிக்கு ஒரு பெண் பிறந்து, ஏழாம் நாள் போய்விட்டது. "பதினாறாம் நாள் காணாத புள்ளைக்குப் பேரும் கிடையாது, அழுகையும் கிடையாது" என்று பாக்கியலட்சுமி சட்டம் போட்டாள். சந்திரமதியும் அழவில்லை. அரிசி களைகையில் தானாக ஒரு தாலாட்டு வந்தது, அதைப் பாடிக்கொண்டாள். "என்னடி பாட்டு அது?" என்று நாத்தனார் கேட்டபோது பயத்தில் பொய் சொன்னாள். "எங்கம்மா எனக்குப் பாடினது அண்ணி…" செத்துப்போன அம்மாவின் பாட்டை யார் தடுப்பார்கள்?

மருதப்பனும் அதை நம்பினான். அவள் பிறந்த ரப்பர் தோட்டத்துப் பாட்டுதானே, யாருக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டான். ஓரிடத்தில் வார்த்தை எடுப்பாக இல்லையென்று மாற்றியும் வைத்தான். தட்டின் உறையில் 'பாட்டும் மெட்டும்: மருதப்பன்' என்று அச்சாகிவிட்டது. பொய் சொன்னவள்தானே, கேட்க அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

பத்து மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. சந்திரமதி பிறந்த சிகாமட் தோட்டத்திலிருந்து பூவம்மா என்ற கிழவியும் ரயிலேறி வந்திருந்தாள். முதல் இரண்டு பாட்டுக்கும் கைத்தட்டல். தட்டைத் திருப்பினார்கள்.

"ஏழு கடல் கடந்தவளே… என் விரலைப் பிடித்துத் துயின்றவளே…"

காசுக்குப் பாட வந்த ஒரு பெண், நளினமாகக் குழைந்து குழைந்து பாடினாள். குளிக்கும்போது கதவு திறந்துகொண்டதுபோல் சந்திரமதிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இது மதியோட அம்மா பாடின தாலாட்டு!" என்றாள் பாக்கியலட்சுமி பெருமையாக.

"இவ அம்மாவா?" பூவம்மா சிரித்துவிட்டாள். "அவ விடியமுன்ன பால்மரம் வெட்டப் போவா. வீடு திரும்பினதும் அசந்து தூங்கிருவா. தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டாயில இவளத் தொட்டில்ல போட்டு ஆட்டினவ நான்லா! இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்லையே…"

சிரிப்பு நின்றது. பாக்கியலட்சுமியின் முகம் கறுத்தது.

"அப்ப பொய்யா சொன்ன? யாரு பாட்டத் திருடிக் குடுத்த? நாளைக்கு ஒருத்தன் வந்து எம் பாட்டுன்னு நின்னா, என் தம்பி மானம் என்னாகும்டி!"

இத்தனை பேர் நடுவில் திருடிப் பட்டம்! சந்திரமதி சுவரோடு ஒண்டினாள்.

"திருடல அண்ணி… நானே கட்டினது."

"நீயா!"

"அந்த எடம் ஏழு கடல் இல்ல…" இசைத்தட்டுப் பக்கம் கை நீட்டினாள். "'ஏழு நாள் இருந்தவளே'… இவங்கதான் மாத்திட்டாங்க."

அச்சில் ஏறிய தன் பெயரை நேற்று இருபது தடவை தடவிப் பார்த்த மருதப்பன், இப்போது அதை உள்ளங்கையால் மூடினான். வெட்கத்தில் காது மடல் சிவந்துவிட்டது.

"மதி… எம் புள்ளைக்கு நீ அழுதத, மெட்டு நல்லாருக்கேன்னு நின்னு குறிப்பெடுத்திருக்கேன்… ஊரு சத்தமெல்லாம் கேக்கத் தெரிஞ்சுச்சு, நீ ஏன் பாடுறேன்னு ஒரு நாள் கேட்டேனா?"

"நானும் பொய் சொன்னேனேங்க…"

"உன்னப் பொய் சொல்ல வச்சது நாங்கதான்." அவன் பேனாவை எடுத்தான். "எல்லா உறையிலயும் என் பேர அடிச்சிட்டு உன் பேர எழுதுறேன்."

"என் பேரு கெடக்கட்டும். அவ பேர எழுதுங்க…"

"அவளுக்குத்தான் பேரே வைக்கலியே…"

சந்திரமதி நாத்தனாரை நேராகப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் வச்சேன். கண்மணி."

சண்டை வெடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பாக்கியலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேர் வச்சா நீ மறக்க மாட்டேன்னு நெனச்சேன்டி… அந்தப் பிஞ்சக் கடைசியாக் குளிப்பாட்டினது இந்தக் கைதான். நான் மட்டும் மறந்தேனா? அத மனசுல வச்சுக்கிட்டு உன்ன இப்படி ஊமையாக்கிட்டேனே… பாவி நான்!"

சந்திரமதி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து, ஐந்து வருஷம் தாமதமாக, வாய்விட்டு அழுதார்கள்.

சாப்பாடு ஆறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. மருதப்பன் ஒவ்வோர் உறையாக எடுத்து, மூன்றாவது பாட்டுக்கு நேரே தன் பெயரை அடித்து, 'கண்மணி, பாட்டும் மெட்டும்: சந்திரமதி' என்று எழுதினான். எழுதப் படிக்கத் தெரியாத பாக்கியலட்சுமி, பக்கத்தில் உட்கார்ந்து மை காயும்வரை ஊதி ஊதி அடுக்கினாள்.

உறையைத் திருத்தலாம், தட்டைத் திருத்த முடியாதே! பூவம்மா கேட்டாளென்று மறுபடி அதைச் சுழலவிட்டார்கள். அந்த இடம் வந்தது. பாடகி ஏழு கடலுக்கு வாயெடுக்கும் முன்பே, முன்கட்டில் அத்தனை பேர் எதிரே நின்று, சந்திரமதி உரக்கப் பாடினாள்.

"ஏழு நாள் இருந்தவளே…"

அண்ணி அவளைத் தடுக்கவில்லை.