கரி படிந்த சுவர்

சுவரில் படிந்திருந்த கரி நகர்ந்தது.

எஸ்தர் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள். அடையாற்றங்கரையில், அலுமினியம் உருக்கும் கொட்டகையை ஒட்டி நின்ற ஒற்றை அறை அது. விடிந்ததிலிருந்து புகைபோக்கி கக்குகிற கரி தகரக் கூரையின் இடுக்கு வழியே இறங்கி, சோற்றில், தலையணையில், கைக்குழந்தை ஷெர்லினின் மூக்கில்கூடப் படிந்து, தீய்ந்த உலோக நாற்றத்தோடு அங்கேயே குடியிருந்தது. எஸ்தர் விரலால் தொட்டாள். கரிக்குக் கால் முளைத்தது. ஓடியது.

அவர்கள் குடிவந்தபோது இந்தச் சிலந்திகள் வெளுப்பாகத்தான் இருந்தன. சுவர் கறுக்கக் கறுக்க, வெளுத்ததெல்லாம் பல்லியின் கண்ணில் பட்டுச் செத்தது. கண்ணில் படாத கறுப்பு மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரித்தது. இப்போது சுவர் எது, சிலந்தி எது என்று தெரியவில்லை. கடிபட்டு ஷெர்லினின் தொடையெல்லாம் கொப்புளம். காய்ச்சல் விட்டபாடில்லை.

"வேற வூடு பாக்கலாம்யா. கொயந்த தாங்காது."

கொட்டகையில் உலை வேலை பார்க்கும் அவள் புருஷன் பிரசாத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "எங்க போறது? பொயப்பு இங்கதான கீது. செவுத்துக்கு சுண்ணாம்பு அடி. கறுப்பா கீறது தன்னால தெரியும்."

அடித்தாள். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பொட்டுகளாய்த் தெரிந்தவற்றைத் துடைப்பத்தால் அடித்தாள், செருப்பால் நசுக்கினாள், கை மரத்துப்போகும்வரை. தினமும். கண்ணில் பட்ட ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சுவர் பளிச்சென்று கிடந்தது. அன்று மத்தியானம் சுவரோரம் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் குழந்தையின் கழுத்தில் புதுக் கொப்புளம்.

பாயை உதறினாள். துணிகளை வாசலில் வீசினாள். எதுவுமில்லை. சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணில் பட்டதைத்தான் கொன்றிருக்கிறாள். படாதது?

கரண்ட் போனது. உலைச் சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் சருகு உரசுவதுபோல் ஒரு மெல்லிய சத்தம்.

தூளிக்குள்.

தூளிப் புடவையை விலக்கினாள். ஷெர்லின் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை வைத்தாள்.

நெற்றி சிதறி ஓடியது.

மாநிறம். குழந்தையின் அதே மாநிறம். கன்னத்தில். காதுமடலில். கழுத்து மடிப்பில்.

"யோவ்! ஓடியாயா!"

கை அந்தரத்தில் நின்றது. எதைத் தட்டுவது? எது குழந்தை?

ஷெர்லினின் இமைகள் இருந்த இடத்தில் இரண்டு, கால்களை மடக்கி, அசையாமல் படுத்திருந்தன.