நிரம்பாத கடைசிக் கட்டம்

மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் முருகன் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். பொழுது சாயும் நேரம். பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த ரசத்தின் புளித்த வாசனை. வேறு யாரும் இல்லை. பெண்சாதி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ராஜீவ் போன ஆடியில் காய்ச்சலில் போனான். அவன் விட்டுப்போனது ஒரு போன்தான்.

போனை நம்புகிறவன் இல்லை நான். பேங்க்காரன் பேசினாலே அணைத்துவிடுவேன். ஆனால் அதில் ராஜீவ் பாதியில் விட்ட விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு பையன் புதருக்குள் நடப்பான். மிருகம் குதிக்கும். உருண்டையை வீசிப் பிடிக்க வேண்டும். பிடித்ததெல்லாம் கட்டத்துக்கு ஒன்றாகப் படமாய் உட்காரும். எவனோ வெளிநாட்டுக்காரன் செய்த ஆட்டத்தைப் பிரித்து, மிருகங்களையெல்லாம் ராஜீவ் மாற்றியிருந்தான். மலைப்படிக் குரங்குக்கு மயில் தோகை. நந்தியாற்று நண்டுக்கு ரயில் சக்கரம். ஒன்று அகப்பட்டதும் அந்தப் பையன் அதன் தலையைத் தடவிக்கொடுப்பான். அவன் வலது கையில் சுண்டுவிரல் இருக்காது. கரும்பு வெட்டும்போது தனக்குப் போனதை ராஜீவ் அப்படியே வரைந்து வைத்திருந்தான்.

மிச்சத்தை நான் பிடித்துவிட்டால் செத்த பிள்ளை குறையோடு அலையமாட்டான் என்று எனக்கு ஒரு எண்ணம். எல்லாம் பிடித்தேன். கடைசிக் கட்டம் மட்டும் நிரம்பவில்லை. அதில் கறுப்பு நிழலாக ஏதோ குந்தியிருந்தது.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் உதயாவிடம் காட்டினேன். ராஜீவின் சிநேகிதன்.

"இன்னாடா இது?"

"கரடி மாரி கீது நைனா. தலையெல்லாம் முடி. எங்க கீதுன்னு எங்கிட்டகூட சொல்லல அவன்."

"நீ களவாணி. உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லமாட்டனா? மொதல்ல நீங்க முடிய வெட்டுங்க. நீங்களே கரடி மாரிதான் கீறீங்க."

மகன் போனதிலிருந்து நான் தலையில் கத்திரி வைக்கவில்லை. அந்தக் கடைசி ஒன்று கிடைக்கட்டும், முடி தருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டியது நடந்த பிறகுதான் மொட்டை போடுவது எங்கள் வழக்கம். எனக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கே ஏறிப்போய் முன்னதாகவே கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

சுவரோரம் குந்தி உட்கார்ந்து போனைத் திறந்தேன். கரண்ட் போயிற்று. அரக்கோணம் போகும் வண்டி தடதடத்துக் கடந்த பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன்.

நிழலுக்கு முடி இல்லை.

வழவழவென்று மொட்டை.

போனைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆட்டத்துப் பையன் நடக்க ஆரம்பித்தான். நான் எதையும் தொடவில்லை. புதர் தாண்டி, தண்டவாளம் தாண்டி, முருங்கை மரம் நின்ற ஒரு தகர வீட்டுக்குப் போனான். இத்தனை நாளும் அந்தக் கதவு திறந்ததில்லை. அன்று திறந்தது. உள்ளே சுவரோரம் ஒரு மொட்டைக் கிழவன் குந்தியிருந்தான். கையில் போன்.

என் வீட்டுக் கதவும் கிறீச்சிட்டது.

நான் நிமிரவில்லை.

"ராஜீவா?"

சந்தன வாசனை குப்பென்று ஏறியது. திரையில் உருண்டை பறந்தது. பையன் கிட்டே வந்து கையை நீட்டினான். என் உச்சந்தலையில் சில்லென்று ஏதோ பட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்தது. எத்தனை நாளாயிற்று என்னை ஒருவர் ஆசையாய்த் தொட்டு. கண்ணை மூடிக்கொண்டேன்.

கடைசிக் கட்டம் நிரம்பிய மணி கேட்டது.

காலையில் பால் ஊற்ற வந்த ஜெயம்மா சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யாருண்ணே உன் தலைய தடவுனது? சந்தனத்துல வெரல் தடம் கீது."

"யார் கீறாங்க இங்க? பாலை ஊத்து."

"இல்லண்ணே. கட்டவெரல், அப்பால மூணு வெரல். சுண்டுவெரலக் காணோமே?"

முருகன் கேட்காமலே நான் கொடுத்த முடியை யார் வாங்கிக்கொண்டது என்று இப்போது யோசிக்கிறேன். உதயா கடைக்குக் கூப்பிட்டால்கூடப் போவதில்லை. போனை அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டேன். அதற்குச் சார்ஜ் போட்டே வெகு நாளாகிறது. தலையில் முடியும் வளர்ந்துவிட்டது. அந்த நாலு விரல் பட்ட இடத்தில் மட்டும் முளைக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் டிரம்முக்குள் புதரில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது.

கேட்டதும் என் தலை தானாகக் குனிகிறது.